ஸ்டென்ட் வைத்தவருக்கு க்ளோபிடோக்ரெலும் ஓமெப்ரசோலும்: எதை நிறுத்துவது, எதை மாற்றுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு 63 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் கட்டியாக உறைவதைத் தடுக்க ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75, இரவில் கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாடின் 40, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். சென்ற மாதம் நெஞ்செரிச்சல் என்று வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவரிடம் போனபோது அவர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் 20 எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, இதையும் க்ளோபிடோக்ரெலையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றார். உறவினர் ஒருவரோ, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் போதும் என்கிறார். இதய மருத்துவரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ‘இரண்டில் எதை நிறுத்துவது?’ என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த இரண்டு மருந்துகளும் உண்மையிலேயே மோதுகின்றனவா என்பது ஒன்று. நேரம் பிரித்துக் கொடுத்தால் அந்த மோதல் நீங்குமா என்பது இரண்டாவது. இன்று இரவு அப்பாவின் கையில் எந்த மாத்திரையைக் கொடுப்பது என்பது மூன்றாவது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுவாகத்தான் இருக்கும் என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். க்ளோபிடோக்ரெலை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினையும் நிறுத்தாதீர்கள். மாற்ற வேண்டியது ஓமெப்ரசோலைத்தான். அதையும் வெறுமனே விட்டுவிடாமல், அதே வகையைச் சேர்ந்த பான்டோப்ரசோலாக மாற்றித் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதற்காக மூன்று வாரம் காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு நாளைக் காலையிலேயே தொலைபேசியில் பேசுங்கள். அல்லது ஓமெப்ரசோல் எழுதிய மருத்துவரிடமே போய், அப்பா க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்று அட்டையைக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் மாற்றி எழுதக்கூடிய விஷயம் இது.

நான் மருந்தியல் படித்தவள். மருத்துவமனையில் நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்ப்பதும், வீட்டுக்குப் போகும் நாளில் மாத்திரைகளை விளக்கிக் கொடுப்பதும் பல வருடங்களாக என் வேலை. இதய மருத்துவர் அல்ல. உங்கள் அப்பாவின் ஆஞ்சியோ அறிக்கையை நான் பார்க்கவில்லை. ஸ்டென்ட் எந்தக் குழாயில், எவ்வளவு நீளத்துக்கு வைக்கப்பட்டது, அவருக்கு முன்பு வயிற்றுப்புண் இருந்ததா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆகவே அவருக்கு எந்த மருந்து என்று தீர்மானிப்பது அவருடைய மருத்துவரின் பொறுப்பு. அந்த உரையாடலுக்கு நீங்கள் தயாராகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

க்ளோபிடோக்ரெலை நிறுத்தாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டென்ட் என்பது ஓர் உலோக வலைக்குழாய். அதன் மேல் ரத்தக்குழாயின் மெல்லிய உட்சவ்வு படர்ந்து மூடும்வரை, ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அந்த உலோகத்தின் மேல் ஒட்டிக் கட்டியாக உறையும் வாய்ப்பு உண்டு. அப்படி உறைந்தால் குழாய் திடீரென முழுவதும் அடைபடும். 2005இல் ஜெர்மனி, இத்தாலி மருத்துவமனைகளில் மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த 2229 பேரைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், மொத்தத்தில் 29 பேருக்குத்தான் இப்படி அடைப்பு வந்தது. ஆனால் தட்டணுக்களைத் தடுக்கும் மருந்துகளை உரிய காலத்துக்கு முன்பே நிறுத்தியவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு வந்திருந்தது. அடைப்பு வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தார்கள். அது முதல் தலைமுறை ஸ்டென்ட். இன்று வைப்பவை அதைவிடப் பாதுகாப்பானவை, எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. இருந்தாலும் மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக 12 மாதம் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற இரட்டை மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். ஐந்தாவது மாதத்தில், யாரோ சேரக் கூடாது என்று சொன்னார்கள் என்பதற்காக அந்த இரண்டில் எந்த மாத்திரையையும் கைவிடக் கூடாது. ஓமெப்ரசோலோடு சேர்ந்து க்ளோபிடோக்ரெலின் வேலை கொஞ்சம் குறைவதும், க்ளோபிடோக்ரெலே இல்லாமல் இருப்பதும் ஒரே அளவு ஆபத்து அல்ல. இரண்டாவது பல மடங்கு பெரியது.

இனி மோதல் எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். நாம் விழுங்கும் க்ளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யும் மருந்து அல்ல. கல்லீரலுக்குப் போய் இரண்டு கட்டமாக மாற்றப்பட்ட பிறகுதான் அது தட்டணுக்களைத் தடுக்கும் பொருளாகிறது. விழுங்கியதில் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கு, வேறொரு பாதையில் போய்ப் பயனற்றதாகிவிடுகிறது. மிஞ்சும் சிறு பங்கைச் செயல்படும் மருந்தாக மாற்றுவதில் பல நொதிகளுக்குப் பங்கு உண்டு. அவற்றில் முக்கியமானது சிஒய்பி 2சி19. இரண்டு கட்டங்களிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஓமெப்ரசோல் தடுப்பது இதே நொதியைத்தான். நொதி தடைபட்டால் க்ளோபிடோக்ரெல் உடலுக்குள் வந்தும் செயல்படும் வடிவத்துக்கு மாறாமல் கழிந்துவிடுகிறது. இரண்டு மருந்து சேர்ந்தால் நஞ்சாகும் என்று பயப்பட வேண்டாம். இங்கே சிக்கலே வேறு: ஒன்றின் பலனை மற்றொன்று குறைக்கிறது.

இதுவரை சொன்னது உறுதியானது. அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு 80 மில்லிகிராம் ஓமெப்ரசோலையும் க்ளோபிடோக்ரெலையும் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் செயல்படும் வடிவத்தின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு குறைந்தது. 2008இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், ஸ்டென்ட் வைத்த 124 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான 20 மில்லிகிராம் ஓமெப்ரசோலும் மற்றொரு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஓமெப்ரசோல் சாப்பிட்டவர்களிடம் தட்டணுக்களின் மீது க்ளோபிடோக்ரெலின் பிடி தெளிவாகவே தளர்ந்திருந்தது. ஆகவே மருந்துக் கடைக்காரர் சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது; அவர் கவனித்துச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள்.

உறவினர் சொன்ன யோசனை கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஓமெப்ரசோல் ரத்தத்தை விட்டுச் சில மணி நேரத்தில் நீங்கிவிடும் மருந்து. அப்படியானால் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் மோதல் இருக்காதே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் மருந்து நீங்கினாலும் அது செயலிழக்கச் செய்த நொதி உடனே மீள்வதில்லை. கல்லீரல் புதிதாக நொதியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கொடுத்து அளந்தபோதும் செயல்படும் வடிவம் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2009 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையிலும், நேரத்தைப் பிரிப்பது பயன் தராது என்று வெளிப்படையாகச் சொன்னது. தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் நான்கு மணி நேரம் பிரிக்கச் சொல்கிறோமே, அது வேறு. அங்கே இரண்டும் குடலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல். நேரம் அதைத் தீர்க்கும்.

ரத்தப் பரிசோதனையில் தெரியும் இந்தக் குறைவு மனிதர்களுக்கு மாரடைப்பாக, மரணமாக முடிகிறதா? இங்கேதான் உறுதி முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. 2009இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 8205 பேரின் பதிவுகளை வைத்து வெளியான ஆய்வு, க்ளோபிடோக்ரெலோடு ஓமெப்ரசோல் வகையைச் சேர்ந்த அமிலம் குறைக்கும் மாத்திரை (சுருக்கமாக அமில மாத்திரை) சாப்பிட்டவர்களில் இறப்போ இதய அடைப்புக்காக மீண்டும் மருத்துவமனைச் சேர்க்கையோ நூற்றுக்கு 30 பேர் என்றும், சாப்பிடாதவர்களில் 21 பேர் என்றும் காட்டியது. உலகம் முழுவதும் பரபரப்பு ஏற்பட்டது. ஆனால் அமில மாத்திரை யாருக்கு எழுதப்படுகிறது என்று யோசியுங்கள். வயது கூடியவர்களுக்கு, ஏற்கனவே பல நோய்கள் உள்ளவர்களுக்கு, ஒரு முறையாவது ரத்தம் கசிந்தவர்களுக்கு. அவர்கள் மாத்திரை சாப்பிடாவிட்டாலும் மற்றவர்களைவிட அதிகம் நோயுறுவார்கள். கணக்கியல் முறையில் அந்த வேறுபாடுகளைச் சரிசெய்த பிறகு இடைவெளி வெகுவாகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. அதே ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 66 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வும் மீண்டும் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுவதாகச் சொன்னது. அதில் ஒரு முக்கியமான தகவல், பான்டோப்ரசோல் சாப்பிட்டவர்களிடம் அந்த அதிகரிப்பு காணப்படவில்லை என்பது. அதே 2009இல், 13,608 பேர் பங்கேற்ற வேறொரு பெரிய சோதனையின் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், அமில மாத்திரைக்கும் இதய பாதிப்புக்கும் தொடர்பே தெரியவில்லை என்று எழுதினார்கள்.

இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது தீர்ப்புக்கு வரக்கூடியது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தும் சோதனைதான். அப்படி நடந்த முக்கியமான சோதனையின் பெயர் கோஜென்ட், 2010இல் வெளியானது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடும் 3761 பேரில் ஒரு பாதிக்கு 20 மில்லிகிராம் ஓமெப்ரசோல், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதத்தில் இதய பாதிப்பு ஓமெப்ரசோல் பிரிவில் நூற்றுக்கு 4.9, மற்றதில் 5.7. கூடவில்லை. வயிறு, குடல் ரத்தக்கசிவு போன்றவையோ 2.9இலிருந்து 1.1ஆகக் குறைந்தன. இதைப் படித்தவுடன் கவலை தீர்ந்தது என்று சொல்லிவிடலாம் போல இருக்கும். நான் சொல்ல மாட்டேன். நிதி நின்றுபோனதால் அந்தச் சோதனை பாதியிலேயே முடிக்கப்பட்டது. இரண்டு பிரிவையும் சேர்த்து இதய பாதிப்பு வந்தவர்கள் 109 பேர் மட்டுமே. இவ்வளவு குறைந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால், உண்மையான விளைவு மூன்றில் ஒரு பங்கு குறைவாகவும் இருக்கலாம், நூற்றுக்கு 44 பங்கு அதிகமாகவும் இருக்கலாம் என்றே விடை வருகிறது. அதோடு அங்கே பயன்படுத்தியது இரண்டு மருந்தையும் ஒரே மாத்திரையில் தனித்தனியே வெளிவிடும்படி சிறப்பாகச் செய்யப்பட்ட வடிவம். கடையில் நாம் வாங்கும் ஓமெப்ரசோல் உறை மாத்திரை அல்ல. பெரிய ஆபத்து இல்லை என்று அது ஆறுதல் தருகிறது. ஆபத்தே இல்லை என்று நிறுவவில்லை.

அதனால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரிக்கையின் பக்கமே நின்றுவிட்டன. அமெரிக்க நிர்வாகம் ஓமெப்ரசோலையும், அதன் நெருங்கிய உறவான எசோமெப்ரசோலையும் க்ளோபிடோக்ரெலோடு தவிர்க்கச் சொல்கிறது. ஐரோப்பிய மருந்துகள் முகமை 2009இல் இவ்வகை மாத்திரைகள் அனைத்தையும் பற்றி எச்சரித்து, 2010 மார்ச்சில் அதை இந்த இரண்டுக்கு மட்டும் எனக் குறுக்கியது. என் நிலைப்பாடும் இதுதான். இதய பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வேலையைச் செய்யும், இந்த நொதியை அவ்வளவாகத் தொடாத, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லாத இன்னொரு மாத்திரை எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்போது, ஸ்டென்ட் வைத்த ஒருவரை இந்தச் சந்தேகத்துக்குள் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

நம் ஊரைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. சிஒய்பி 2சி19 நொதி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. அதை உருவாக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளை, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, நாம் பெறுகிறோம். பிரதி பழுதானதாக இருந்தால் நொதி குறையும். இரண்டும் பழுதானால் அநேகமாக நொதியே இருக்காது. ஐரோப்பியரில் இரண்டும் பழுதானவர்கள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேர். புதுச்சேரி ஜிப்மரில் தமிழரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், பழுதான பிரதிகளின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 40 என்று தெரிந்தது. கணக்குப் போட்டால், ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதியும் பழுது; மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஒன்றாவது பழுது. அப்படியானவர்களுக்கு ஓமெப்ரசோல் இல்லாமலேயே க்ளோபிடோக்ரெல் குறைவாகத்தான் வேலை செய்யும். ஒரு நல்ல பிரதியை மட்டும் நம்பியிருப்பவருக்கு, இருக்கும் கொஞ்ச நொதியையும் ஓமெப்ரசோல் முடக்கினால் என்ன ஆகும் என்பது என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கும் விஷயம். மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டவர்களைக் கொண்டு நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது.

உடனே மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்பீர்கள். ஸ்டென்ட் வைத்த எல்லோருக்கும் அது தேவை என்று இன்னும் நிறுவப்படவில்லை. 2020இல் வெளியான டெய்லர்-பிசிஐ என்ற சோதனையில், பரிசோதித்துப் பழுதான பிரதி உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தபோது ஓராண்டில் பாதிப்பு நூற்றுக்கு 4.0, பரிசோதிக்காமல் க்ளோபிடோக்ரெலையே கொடுத்தவர்களில் 5.9. திசை நல்ல திசைதான். ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. பக்கவாதம் வந்தவர்களுக்கு க்ளோபிடோக்ரெல் தொடங்கும் முன் இப்பரிசோதனையைச் செய்யலாம் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டும் அமைப்பு 2024இல் பரிந்துரைத்தது. உங்கள் அப்பாவுக்கு மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் மீண்டும் அடைப்பு வந்தாலோ, சிக்கலான இடத்தில் ஸ்டென்ட் இருந்தாலோ இதய மருத்துவரே அதைப் பற்றி யோசிப்பார். பிராசுக்ரெல், டிகாக்ரெலார் என்ற மாற்று மருந்துகள் இந்த நொதியை நம்பியிருப்பவை அல்ல. ஆனால் அவற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடுதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது.

அப்படியானால் வயிற்று மாத்திரையே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்ற எண்ணம் வந்திருந்தால், கோஜென்ட் எண்களை மறுபடி பாருங்கள். ஆஸ்பிரின் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் பொருட்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. அங்கே சிறு புண் ஏற்பட்டால், தட்டணுக்கள் தடுக்கப்பட்டிருப்பதால் ரத்தம் எளிதில் நிற்காது. ரத்தக்கசிவு வந்துவிட்டால் தட்டணு மருந்தையே நிறுத்த வேண்டிய நிலை வரும். பிறகு ஸ்டென்ட் ஆபத்தில் விழும். எனவே வயிற்றைக் காப்பதும் ஒரு வகையில் ஸ்டென்ட்டைக் காப்பதுதான். பான்டோப்ரசோலும் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது: 80 மில்லிகிராம் அளவில் செயல்படும் வடிவம் ஏறத்தாழ நூற்றுக்கு 14 முதல் 20 பங்கு குறைந்தது. வழக்கமாகக் கொடுக்கும் 40 மில்லிகிராமில் அது பொருட்படுத்தத் தக்கதாக இருக்காது என்றே பெரும்பாலானோர் கருதுகிறார்கள். ரபெப்ரசோலும் நம் ஊரில் அதிகம் எழுதப்படுகிறது. தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பான்டோப்ரசோலுக்கு உள்ள அளவு ஆதாரம் அதற்கு இல்லை. ஃபாமோடிடின் என்ற வேறு வகை அமிலக் குறைப்பு மாத்திரை இந்த நொதியின் பக்கமே போகாது. வயிற்றுப்புண்ணைத் தடுப்பதில் பலம் குறைவு. ஓமெப்ரசோல் மாற்றப்பட்டவுடன் நொதி சில நாட்களில் மீண்டு வரும். ஆகவே போன ஒரு மாதம் வீணானதே என்று மனம் உடையாதீர்கள். நிரந்தரமாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஈடுகட்டுவதற்காக க்ளோபிடோக்ரெலை இரண்டு மாத்திரையாக நீங்களே கொடுக்கவும் கூடாது.

இந்த மருந்து மோதலைவிட என்னை அதிகம் உறுத்துவது உங்கள் கேள்வியின் நடுவில் வந்த ‘நெஞ்செரிச்சல்’ என்ற சொல். மாரடைப்பு வந்து ஐந்து மாதமே ஆன, சர்க்கரை நோயும் உள்ள ஒருவருக்குப் புதிதாக நெஞ்சில் எரிச்சல் என்றால், அது வயிற்றிலிருந்துதான் வருகிறது என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். நம் வீடுகளில் வாயுப் பிடிப்பு என்று பெருங்காயமும் சோடாவும் கொடுத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைத்து இழந்தவர்கள் எத்தனையோ பேர். சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மங்கியிருப்பதால் இதயவலி வலியாகவே தெரியாமல் எரிச்சலாக, இறுக்கமாக, வெறும் களைப்பாகத் தெரியலாம். மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வந்து, உட்கார்ந்தால் குறைகிறதா? தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா? வியர்க்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அன்றே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் விடாமல் பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள். சாப்பிட்ட பின் குனிந்தாலோ படுத்தாலோ புளித்து மேலே வருவது வயிற்றுக்குரிய அடையாளம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

இதே சீட்டில் வேறு சில மோதல்களும் காத்திருக்கின்றன. முதலாவது வலி மாத்திரை. மூட்டு வலிக்கு, பல் வலிக்கு என்று சீட்டில்லாமலே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் போன்றவை ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் இருக்கும் வயிற்றில் ரத்தக்கசிவைப் பல மடங்கு எளிதாக்கும். ஐபூப்ரோஃபென் கூடுதலாக ஒரு கெடுதலும் செய்கிறது: ஆஸ்பிரின் தட்டணுவில் போய்ச் சேர வேண்டிய இடத்தை முன்னதாகவே மறித்துக்கொள்கிறது. ஓமெப்ரசோல் விஷயத்தில் ஆய்வுகள் தடுமாறுகின்றன; ரத்தக்கசிவு விஷயத்தில் தடுமாற்றமே இல்லை. எனக்கு அதிகாரம் இருந்தால் ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவர் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்தும் இந்த மாத்திரைகளை எடுத்துவிடுவேன். வலிக்கு பாராசிட்டமால் போதும். போதாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டாவது, வயிற்றில் எச்.பைலோரி கிருமி என்று கண்டு கிளாரித்ரோமைசின் அடங்கிய மருந்து எழுதினால், அது அடோர்வாஸ்டாடின் ரத்தத்தில் தேங்கும் அளவை நான்கு மடங்குக்கு மேல் உயர்த்தக்கூடும். தசை வலி, தசை சிதைவு வரை போகலாம். அந்தச் சில நாட்கள் அடோர்வாஸ்டாடினைக் குறைப்பதா, நிறுத்தி வைப்பதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, பிற்காலத்தில் சர்க்கரைக்கு ரெபாகிளினைடு சேர்த்தால் கவனம்: க்ளோபிடோக்ரெல் அதன் அளவை ஏறத்தாழ நான்கு மடங்காக்கிச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும், மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்சமைனும் ஓமெப்ரசோல் தடுக்கும் அதே நொதியைத் தடுப்பவை.

ஓமெப்ரசோல் எழுதிய மருத்துவர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது கேள்வியில் தெரிகிறது. அவருக்கு அப்பாவின் மற்ற மருந்துகள் தெரிந்திருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் ஒரே உறை மாத்திரையில் அடங்கிய வடிவங்கள் நம் ஊரில் ஏராளம். ‘இதயத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்’ என்று சொல்லும்போது அதற்குள் மூன்று மருந்து இருப்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. வெள்ளைத் தாளில் எல்லா மருந்துகளின் பெயரையும், அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பெயரோடும் மில்லிகிராமோடும், எழுதி வையுங்கள். எதற்காக, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேருங்கள். அட்டையின் புகைப்படம் கைப்பேசியில் இருக்கட்டும். பல் மருத்துவரிடம் போனாலும், கண் மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தத் தாள் மேசைக்கு வர வேண்டும். பல் பிடுங்குவதற்காக இந்த மாத்திரைகளை நிறுத்தச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மலம் தார் போலக் கருத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி முகம் வெளுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும் என்பதால், அது சாப்பிடுகிறாரா என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

12 மாதம் முடிந்து மருத்துவர் க்ளோபிடோக்ரெலை நிறுத்தச் சொல்லும் நாளில், வயிற்று மாத்திரை இன்னும் தேவையா என்றும் சேர்த்தே கேளுங்கள். ஒரு முறை எழுதியது என்பதற்காகவே வருடக்கணக்கில் தொடர்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மெட்ஃபார்மினும் இவ்வகை அமில மாத்திரையும் நீண்ட காலம் சேர்ந்தால் பி12 வைட்டமின் குறையும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு அதைக் கவனிக்காமல் விடுகிறோம். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.